ஏழு கணினிகளுக்கு எந்த ஒபிஸ்?

வலிகாமத்தில் இயங்கும் ஒரு சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தின் முகாமையாளர் கேட்டிருப்பதன் சாரம் இதுதான். சங்கத்தில் ஏழு கணினிகள் இருக்கின்றன. ஏழிலும் கடைக்காரர் போட்டுக்கொடுத்த, உரிமம் இல்லாத மைக்ரோசொப்ட் ஒபிஸ் 2016 ஓடுகிறது. இம்முறை கணக்காய்வுக்கு வந்தவர் அதைக் கேள்வியாக எழுதிவிட்டுப் போய்விட்டார். பணிப்பாளர் சபையில் ஒரு பகுதியினர் காசு கொடுத்து வாங்கிவிடுவோம் என்கிறார்கள்; மற்றப் பகுதியினர் அதே வேலைகளைச் செய்யும் லிப்ரே ஒபிஸ் என்ற மென்பொருள் சும்மா கிடைக்கும்போது எதற்கு இந்த வீண் செலவு என்கிறார்கள். எதைச் செய்வது?

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு கணினிகளில் லிப்ரே ஒபிஸைப் போடுங்கள். கணக்குப் பகுதியின் ஒரு கணினிக்கு மட்டும் மைக்ரோசொப்ட் ஒபிஸை முறையாக விலைக்கு வாங்குங்கள். ஆனால் இந்த இரண்டையும் செய்வதற்கு முன்னர், உங்களுடைய தமிழ்க் கோப்புகளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து, கணினி தமிழைத் தமிழாகவே அறியும் யுனிகோட் என்ற குறியீட்டு முறைக்கு மாற்றத் தொடங்குங்கள். கேள்வியில் நீங்கள் பாமினி என்ற சொல்லையே எழுதவில்லை. எனினும் யாழ்ப்பாணத்து அலுவலகங்களில் இருபது வருடமாகக் கணினி பார்த்துவருபவன் என்ற வகையில், உங்கள் கோப்புகளில் பெரும்பாலானவை அந்த எழுத்துருவில்தான் இருக்கும் என்று துணிந்து சொல்வேன். அதைப் பற்றிப் பின்னர் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ‘சும்மா கிடைப்பது’ என்ற பேச்சைச் சற்றுத் திருத்த வேண்டும். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால், அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய நாளிலிருந்து அந்தச் சொல்லை விளங்கப்படுத்துவதே அவர்களுக்கு ஒரு வேலையாகப் போயிற்று. அந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதும் 1998இல் ‘திறந்த மூலம்’ என்ற பெயர் புறப்பட்டதற்கு ஒரு காரணம். நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. உங்கள் கைத்தொலைபேசியில் இருக்கக்கூடிய டபிள்யூபிஎஸ் ஒபிஸ் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் கட்டற்றது அல்ல. அதன் மூலநிரலை, அதாவது நிரலாளர்கள் எழுதிய அசல் கட்டளைகளை, வெளியார் பார்க்க முடியாது, நாளைக்கு நிறுவனம் கட்டணம் வைத்தால் நீங்கள் கட்டத்தான் வேண்டும். லிப்ரே ஒபிஸ் கட்டற்றது. அதனால்தான் இலவசமாகவும் இருக்கிறது. அதை ஏழு கணினியில் போட்டாலும் எழுநூறு கணினியில் போட்டாலும், அங்கத்தவர் ஒருவருக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தாலும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அல்ல என்பதற்கு அந்த மென்பொருளின் வரலாறே சாட்சி. ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனம் செய்து விற்றுவந்த ஸ்டார் ஒபிஸை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, அடுத்த ஆண்டே மூலநிரலைத் திறந்துவிட்டது. அதுவே ஓபன் ஒபிஸ் ஆயிற்று. 2010இன் தொடக்கத்தில் சன் நிறுவனத்தை ஒராக்கிள் வாங்கியபோது, புதிய முதலாளியின் கையில் தங்கள் வேலை என்னவாகுமோ என்று அஞ்சிய நிரலாளர்களிற் பலர், அவ்வாண்டு செப்டெம்பரில் மூலநிரலின் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் லிப்ரே ஒபிஸ். இன்று பேர்லினைத் தளமாகக்கொண்ட டொக்கியுமென்ட் பவுண்டேஷன் அதைப் பராமரிக்கிறது. ஆண்டுக்கு இரண்டு பெரும் பதிப்புகள் வருகின்றன. உரிமையாளர் மாறினாலும், வழக்கு வந்தாலும், நிறுவனம் மூடுண்டாலும் நிரல் பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் இதன் பொருள். பழைய ஓபன் ஒபிஸ் அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் இன்னமும் கிடைக்கிறது; ஆனால் அதன் வளர்ச்சி மிக மந்தம். பெயர்ப் பழக்கத்தால் அதைத் தேடி இறக்கிவிடாதீர்கள்.

இப்போது உங்களிடம் இருக்கும் பிரதிகளைப் பற்றி. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. ஆகவே கணக்காய்வாளர் எழுதியது வெறும் அலுப்புக் கொடுக்கும் கேள்வி அல்ல. ஆனால் சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. உரிமம் இல்லாத பிரதியை உரிமமுள்ளதாகக் காட்டுவதற்குக் கடைக்காரர் ஒரு சின்ன நிரலை ஓடவிடுகிறார் அல்லவா, அதை ஓடவிடுவதற்கு முன் வைரஸ் தடுப்பை நிறுத்திவைக்கிறார். பல வேளைகளில் திரும்ப இயக்குவதே இல்லை. சில வருடங்களுக்கு முன் நான் பார்த்துவந்த ஓர் அலுவலகத்தில் அப்படி நுழைந்த நிரல் ஒன்று மூன்று நாள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் காலையில் எல்லாக் கோப்புகளையும் பூட்டி, டொலரில் பணம் கேட்டு ஒரு கடிதத்தைத் திரையில் வைத்தது. பதினொரு வருடக் கூட்ட அறிக்கைகள் அதனோடு போயின. அச்செடுத்துக் கோவையில் இட்டவை மட்டுமே மிஞ்சின. அன்றிலிருந்து, ‘கிராக்’ போட்ட கணினியில் எந்த அலுவலகத்தின் இடாப்பையும் வைக்க நான் உடன்படுவதில்லை.

அதற்கு மேல், 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்குமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் அதே நாளில்தான் முடிவடைந்தது. 2021ஆம் பதிப்புக்கு 2026 ஒக்டோபர் 13 வரை தவணை இருக்கிறது. ஆகவே யாராவது 2021ஐக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று வந்தால், வாங்குமுன் அந்தத் திகதியை நினைத்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்குக்கு வருவோம். அலுவலகப் பாவனைக்கு உரித்தான, ஒரே தடவை பணம் கட்டும் 2024ஆம் பதிப்பின் அமெரிக்கப் பட்டியல் விலை ஒரு கணினிக்கு 249.99 டொலர். ஏழு கணினிக்கு ஏறத்தாழ 1,750 டொலர்; டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் 5,25,000 ரூபா. இந்தக் கணக்கை 2022இன் தொடக்கத்தில் போட்டிருந்தால் டொலர் 200 ரூபா அளவில், மூன்றரை இலட்சம் வந்திருக்கும். அதே ஆண்டு மே மாதத்தில் போட்டிருந்தால் டொலர் 360 ரூபா அளவில், ஆறு இலட்சத்தைத் தாண்டியிருக்கும். ஒரு தடவை வாங்கும் பொருளென்றால் நல்ல நேரம் பார்த்து வாங்கிவிடலாம். மாதாமாதம் அல்லது ஆண்டுதோறும் சந்தா கட்டும் மைக்ரோசொப்ட் 365 அப்படியல்ல. நம் கையில் இல்லாத ஒரு நாணயமாற்று விகிதத்துக்குச் சங்கத்தின் அன்றாட வேலையைக் கட்டிவைப்பதாகும். 2022இல் டொலர் கொடுப்பனவுகள் எவ்வளவு இழுபறிப்பட்டன என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சந்தா நின்றால் கோப்புகளைப் பார்க்கவும் அச்சிடவும் விடுவார்கள், திருத்த விடமாட்டார்கள்.

இதைச் சொல்வதால் லிப்ரே ஒபிஸ் செலவே இல்லாதது என்று எண்ண வேண்டாம். பழகிக்கொள்ளும் நாட்கள் ஒரு செலவு. பழைய கோப்புகளைச் சீராக்குவது ஒரு செலவு. ஏதாவது கோளாறென்றால் தொலைபேசியில் அழைக்க ஒரு நிறுவனம் இருக்காது என்பதும் ஒருவகைச் செலவுதான். ஆனால் அந்தக் காசு யாழ்ப்பாணத்திலேயே, உங்களுக்குக் கற்பித்துத் தரும் ஒரு பிள்ளையின் கையில் ரூபாவாகச் சேரும். ஐந்து இலட்சத்தில் ஒரு சிறு பங்கைக் கொடுத்து, கணினி தெரிந்த ஒருவரை இரண்டு வாரம் அலுவலகத்தில் இருத்தினால் இந்த மாற்றம் முழுவதையும் முடித்துவிடலாம் என்பது என் அனுபவம்.

இனிப் பாமினி. உங்கள் எழுதுவினைஞர் பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டச்சு செய்யும்போது திரையில் தமிழ் தெரிகிறது; ஆனால் கோப்பினுள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி என்பது அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போடும் எழுத்துரு, அவ்வளவே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகமூடி கழன்றுவிடும், பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். ‘லிப்ரே ஒபிஸில் திறந்தேன், தமிழெல்லாம் குழம்பிப்போயிற்று’ என்று என்னிடம் வந்த முறைப்பாடுகளிற் பெரும்பாலானவை லிப்ரே ஒபிஸின் குற்றமே அல்ல. புதிதாக விண்டோஸ் போட்ட கணினியில் பாமினியை நிறுவ மறந்ததன் விளைவு. அதே கணினியில் அசல் மைக்ரோசொப்ட் வேர்ட் இருந்தாலும் அதே குழப்பம்தான் தெரிந்திருக்கும்.

அங்கத்துவ இடாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எக்செலில் பெயர்களைப் பாமினியில் எழுதி வைத்துக்கொண்டு அகர வரிசைப்படுத்தினால், கணினி தன் கண்ணுக்குத் தெரியும் ஆங்கில எழுத்துகளைத்தான் வரிசைப்படுத்தும். நடராசா முதலில் வருவார். அவருக்குப் பின் கந்தசாமி, பின் பரமேஸ்வரி, தவராசா, மகேந்திரன். அதற்கும் பின்னர்தான் அருளம்பலம். பாமினியில் நகரம் ஆங்கிலத்து ஈயிலும், ககரம் எப்பிலும், பகரம் ஜியிலும், தகரம் ஜேயிலும், மகரம் கேயிலும், அகரம் எம்மிலும் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் இந்த வேடிக்கை. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னே தட்டப்படுவதால் செல்வராணி சகரத்தில் வரமாட்டார், கொம்பின் வரிசையில் வருவார். பொதுக்கூட்டத்துக்கு வருகை இடாப்பு அச்சிடும்போது, எழுதுவினைஞர் பெயர்களைக் கையால் வெட்டி ஒட்டி வரிசைப்படுத்துவதை நான் ஒரு தடவை அல்ல, பல தடவை பார்த்திருக்கிறேன். யுனிகோடில் எழுதப்பட்ட பட்டியலை எக்செலும் சரி, லிப்ரே ஒபிஸின் கல்க்கும் சரி, ஒரு சொடுக்கில் அடுக்கிவிடும். தேடுவதும் அப்படியே: ஒரு பெயரை யுனிகோடில் தட்டித் தேடினால், பாமினிக் கோப்புக்குள் அது எந்நாளும் அகப்படாது.

‘எங்கள் பிள்ளைகளுக்குப் பாமினி விசைப்பலகைதான் கைப்பழக்கம்’ என்ற மறுப்பு உடனே வரும். விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற சிறு செயலிகளில் பாமினி விசையமைப்பைத் தெரிவுசெய்து அதே விசைகளைத் தட்டினால், வெளியே வருவது யுனிகோட். இ-கலப்பை கட்டற்ற மென்பொருள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு, இலங்கையில் 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்று தரப்படுத்தப்பட்ட ரெங்கநாதன் விசையமைப்பைக் கற்றுக்கொடுக்கலாம். ஏற்கெனவே பாமினியில் வேகமாகத் தட்டுபவரை ஏன் குழப்ப வேண்டும்?

பழைய கோப்புகளை மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. மாற்றிச் செயலியில் ஒரு கடிதம் முழுவதையும் வெட்டி இட்டால், அதிலிருக்கும் ஆங்கிலச் சொற்களையும் பாமினி என்று எண்ணி அது மாற்றிவிடும். கம்பனிப் பெயரின் இறுதியில் வரும் ‘லிமிடெட்’டின் ஆங்கிலச் சுருக்கம் ‘டுவன’ என்று வந்து நிற்கும். கடன் ஒப்பந்தப் படிவம் ஒன்றில் இப்படி ‘டுவன’வைக் கண்டு, அது என்ன ஊர் என்று ஒருவர் என்னைக் கேட்டார். ஆகவே ஆங்கிலம் கலந்த கோப்புகளைப் பந்தி பந்தியாக மாற்றி, ஒருவர் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றப் புறப்படாதீர்கள். அங்கத்துவ இடாப்பு, யாப்பு விதிகள், கடன் படிவங்கள், கடைசி ஐந்து ஆண்டுக் கூட்ட அறிக்கைகள் ஆகியவை போதும். மீதியை அச்சுத்தோற்றத்தில் பிடிஎப் ஆக்கி வைத்துவிடலாம்.

கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கைகளிலும் இதே கோளாறு உண்டு. சிங்களப் பகுதி எப்எம் அபயாவில் இருக்கும், தமிழ்ப் பகுதி பாமினியில் இருக்கும். அதை நீங்கள் மாற்ற முடியாது. அந்த எழுத்துருக்களைக் கணினியில் நிறுவி வைத்திருங்கள். இரண்டு ஒபிஸும் அவற்றைக் காட்டும்.

கோப்பு வடிவம் அடுத்தது. லிப்ரே ஒபிஸ் இயல்பாகச் சேமிக்கும் ஓடிஎப் வடிவம் 2006இல் ஐஎஸ்ஓ 26300 என்ற சர்வதேசத் தரமாயிற்று. மைக்ரோசொப்டின் டொக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவங்களும் 2008இல் ஐஎஸ்ஓ 29500 ஆயின. ஆகவே ஒன்று திறந்தது, மற்றது மூடியது என்று இன்று ஒரேயடியாகப் பிரிப்பது நியாயமில்லை. ஆனால் அந்த இரண்டாவது தரத்தினுள் பழைய ஒபிஸின் பழக்கங்களைச் சுமந்துவரும் இடைக்கால வடிவம் ஒன்று இருக்கிறது. வேர்ட் இயல்பாகச் சேமிப்பது அதைத்தான். அதை வேறு மென்பொருள் நூற்றுக்கு நூறு அப்படியே காட்டுவது கடினம். வேர்ட்டும் 2007ஆம் பதிப்பின் இரண்டாம் திருத்தப்பொதியிலிருந்து ஓடிஎப் கோப்பைத் திறக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

வடிவத்தைப் பற்றி ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்றால், இந்த ஊரில் ஒரு பாடம் ஏற்கெனவே நடந்துமுடிந்திருக்கிறது. அச்சகங்களில் திருமண அழைப்பிதழும், அந்தியேட்டிக்கு அச்சிடும் ‘கல்வெட்டு’ என்ற நினைவு நூலும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அடோபி நிறுவனம் 2001இல் ஏழாம் பதிப்பை வெளியிட்டு, 2004இல் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. தகப்பனாரின் கல்வெட்டை மறுபதிப்புச் செய்ய விரும்பிய ஒருவர் பழைய குறுந்தட்டோடு அச்சகம் அச்சகமாக ஏறியிறங்கிவிட்டு என்னிடம் வந்தார். அந்தக் கோப்பைத் திறந்தது எது தெரியுமா? லிப்ரே ஒபிஸின் வரைகலைப் பகுதியான டிரோ. பக்க அமைப்புச் சற்றுக் குலைந்திருந்தது. தேவாரமும் வம்சவிளக்கமும் முழுமையாகக் கிடைத்தன. 2015இல் வந்த 4.4ஆம் பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. விற்ற நிறுவனம் கைவிட்ட கோப்பை, விற்காதவர்கள் திறந்துகாட்டினார்கள்.

அதற்காக லிப்ரே ஒபிஸுக்கு மாறியதும் எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும் என்று நான் சொல்லமாட்டேன். முதல் வாரத்தில் உங்கள் கடிதத் தலைப்பு நகரும். காரணம் பெரும்பாலும் கடிதம் எழுதிய விதம்: திகதியை வலப்பக்கம் தள்ள இருபது இடைவெளி, முகவரியின் கீழ்க் கோடிட அடிக்கோட்டு விசையை நாற்பது தடவை, அடுத்த பக்கத்துக்குப் போக எட்டுத் தடவை என்டர். எழுத்தின் அகலம் மயிரிழை மாறினாலும் இப்படிக் கட்டிய கடிதம் சரிந்துவிடும். அசல் வேர்டிலேயே வேறு அச்சுப்பொறிக்கு அனுப்பினால் சரிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தலைப்பை ஒரு தடவை அட்டவணைக் கட்டத்தினுள் ஒழுங்காக அமைத்து வார்ப்புருவாகச் சேமித்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை. கலிப்ரி, நிர்மலா யூஐ போன்ற எழுத்துருக்கள் விண்டோஸோடு வருபவை. ஆகையால் மைக்ரோசொப்ட் ஒபிஸை அகற்றினாலும் அவை போகா. லதா மட்டும் விண்டோஸ் 10இலிருந்து தனியாகச் சேர்க்கவேண்டிய மேலதிக எழுத்துருவாகிவிட்டது. புதிய மைக்ரோசொப்ட் 365 இயல்பாகப் போடும் அப்டொஸ் எழுத்துரு உங்களிடம் இருக்காது. அப்படி வரும் கடிதங்களில் வரிகள் சற்று இடம் மாறும், வாசிக்கத் தடையில்லை.

தமிழுக்கென்று லிப்ரே ஒபிஸில் ஓர் அமைப்பை முதல் நாளே செய்துவைக்க வேண்டும். ஒவ்வொரு பத்திப் பாணியிலும் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் போன்ற சிக்கலான எழுத்தமைவு கொண்ட மொழிகளுக்கு வேறோர் எழுத்துரு என்று தனித்தனி இடங்கள் உள்ளன. மொழி அமைப்பில் அந்த வசதியை இயக்கி, தமிழுக்கான இடத்தில் நிர்மலா யூஐ அல்லது நோட்டோ தமிழ் எழுத்துருவையும் அளவையும் பதிந்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், அளவை மாற்றும்போது ஆங்கிலம் மட்டும் பெருத்துத் தமிழ் அப்படியே நிற்பது போன்ற விசித்திரங்கள் தோன்றும். கொம்பு, கால், விசிறி எல்லாம் தமக்குரிய இடத்தில் விழுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். 2017இல் வந்த 5.3ஆம் பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ப்பஸ் என்ற ஒரே எழுத்தடுக்கும் பொறியை அது பாவிக்கிறது. தமிழ்ச் சொற்பிழை திருத்தத்தில் மட்டும் இரண்டு தரப்பிலும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

கணக்குப் பகுதிக்கு ஏன் விதிவிலக்குக் கொடுத்தேன்? கல்க்கில் வரிசைகளின் எண்ணிக்கை எக்செலைப் போலவே 10,48,576. 2022இல் வந்த 7.4ஆம் பதிப்பிலிருந்து நெடுவரிசைகளும் 16,384. எக்ஸ்லுக்கப் போன்ற புதிய சூத்திரங்களும் 2024 ஓகஸ்டில் வந்த 24.8ஆம் பதிப்பில் சேர்ந்துவிட்டன. ஒரு கடன் அட்டவணைக்கு, வட்டிக் கணிப்புக்கு, சம்பளப் பட்டியலுக்கு இது தாராளம். சிக்கல் மக்ரோக்களில் இருக்கிறது. எப்போதோ ஒருவர் விபிஏ என்ற எக்செலின் நிரல்மொழியில் எழுதிக்கொடுத்த, பொத்தானை அழுத்தினால் மாதாந்த வட்டிப் பட்டியல் வந்து விழுகிற கோப்பு உங்களிடமும் இருக்கலாம். கல்க் விபிஏயை ஓரளவுக்குத்தான் விளங்கிக்கொள்ளும். பணக் கணக்கில் ‘ஓரளவு’ என்ற சொல்லுக்கு இடமில்லை. எழுதியவர் கிடைத்தால் மாற்றி எழுதுவிக்கலாம். கிடைக்காவிட்டால் அந்தக் கோப்பு ஓடும் கணினியில் எக்செல் இருக்கட்டும். வெளியிலிருந்து வரும் சிக்கலான கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கவும் அந்தக் கணினி உதவும். 

அலுவலர்களின் முணுமுணுப்பு ஒரு மாதம் இருக்கும். கணினிப் பயிற்சி நிலையங்களில் வேர்டும் எக்செலும்தான் படித்திருப்பார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. பார்வைப் பட்டியில் பயனர் இடைமுகத்தைத் தாவல் வடிவத்துக்கு மாற்றிக்கொடுத்தால் பாதி அந்நியம் போய்விடும். ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: உள்வேலைக்கு ஓடிஎப், வெளியே அனுப்புவதற்குப் பிடிஎப், எதிர்த்தரப்பு திருத்த வேண்டியிருந்தால் மட்டும் டொக்எக்ஸ். ஒரே கோப்பை வேர்டிலும் லிப்ரே ஒபிஸிலும் மாறிமாறித் திறந்து சேமித்துக்கொண்டிருந்தால் அது மெல்ல மெல்லச் சிதையும்.

கூகிள் டொக்ஸைப் பற்றியும் சபையில் யாராவது கேட்பார்கள். நாலுபேர் சேர்ந்து ஓர் அறிக்கை எழுத அதைவிட வசதியானது இல்லை. ஆனால் அங்கத்தவரின் கடன் விபரங்களை இணையம் அறுந்தால் எட்டாத இடத்தில் வைப்பதை நான் விரும்பமாட்டேன். ஒன்லி ஒபிஸ் தோற்றத்தில் மைக்ரோசொப்டுக்கு மிக அண்மையானது, மூலநிரலும் திறந்தது; லிப்ரே ஒபிஸ் ஒருவருக்கும் பிடிக்காவிட்டால் அதைச் சோதிக்கலாம்.

‘மியூனிக் நகரசபையே கட்டற்ற மென்பொருளுக்கு மாறிப்போய்த் திரும்பி வந்துவிட்டதே’ என்று உங்கள் சபையில் ஒருவர் சொன்னாராம். உண்மைதான்: 2003இல் முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி, 2013இல் வேலையை முடித்தபின் 2017இல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தார்கள். அங்கே இயங்குதளத்தையே மாற்றினார்கள். நகர நிர்வாகத்தின் அரசியலும் அதில் கலந்திருந்தது. அதே ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024இல் 30,000 கணினிகளை லிப்ரே ஒபிஸுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கற்பிக்கின்றன. ஏழு கணினி வைத்திருக்கும் சங்கத்துக்கு இவற்றில் எதுவும் நேரடி முன்மாதிரி அல்ல. விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு ஒபிஸை மட்டும் மாற்றுவதே உங்களுக்கு அளவானது. ஆனால் கணினிகள் விண்டோஸ் 7 அல்லது 8இல் ஓடினால் ஒன்றைக் கவனியுங்கள்: 2025 ஓகஸ்டில் வந்த 25.8ஆம் பதிப்பிலிருந்து லிப்ரே ஒபிஸும் அவற்றைக் கைவிட்டுவிட்டது.

கடைசியாக, விலைக்கு வாங்கும் அந்த ஒரு பிரதியைப் பற்றி. இப்போது மைக்ரோசொப்டின் உரிமம் ஒரு மின்னஞ்சல் கணக்கோடு பிணைக்கப்படுகிறது. அவசரத்தில் எழுதுவினைஞர் ஒருவர் தன் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்துவிடுவார். இரண்டு வருடத்தில் அவர் கனடாவுக்குப் போய்விடுவார். கணினி பழுதாகித் திரும்ப நிறுவும் நாளில் கடவுச்சொல்லுக்காக நீங்கள் டொரொன்டோ நேரம் பார்த்து வட்ஸ்அப்பில் அழைத்துக்கொண்டிருப்பீர்கள். எனவே வாங்குவதற்கு முதல் நாளே சங்கத்தின் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை ஒரு கடித உறையில் இட்டு ஒட்டி, காசுப்பெட்டகத்தில் பற்றுச்சீட்டோடு வைத்துவிடுங்கள். அடுத்த முறை கணக்காய்வாளர் கேட்கும்போது எடுத்துக் காட்டுவதற்கும் அந்தப் பற்றுச்சீட்டே தேவைப்படும்.